தோளில் ஒரு கை

எட்மண்டின் ராக் இசைக்குழு எண்பத்து மூன்றில் போட்ட ஒரே இசைத்தட்டு மறுபடி வெளிவரப்போகிறது. அதன் பழைய அட்டையைத் தூக்கிக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் டிசைனர் ஆஷாவிடம் வந்திருந்தார். அட்டைப்படத்தில், தண்டவாளத்தின் நடுவே நீள முடியும் பெல்பாட்டமுமாக நான்கு இளைஞர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்த கிடாரிஸ்ட் ஜெரோமை மட்டும் எடுத்துடும்மா. கச்சேரிக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப சொல்லாம கொள்ளாம ஓடிப்போனவன். அதோட எங்க குழுவே படுத்துடுச்சு."

ஆஷா அட்டையை ஸ்கேன் செய்தாள். கம்ப்யூட்டரில் மவுஸை நாலு இழு இழுத்தாள். ஜெரோம் நின்ற இடத்தில் சரளைக்கல் நிரம்பியது. எட்மண்டின் தோளில், பாம்பு மோதிரம் போட்ட ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது.

அதைப் பார்த்ததும் நாற்பது வருடக் கோபம் எட்மண்டுக்குச் சட்டென்று இறங்கிப்போனது. என்ன இருந்தாலும் தோளில் கை போட்டவன்.

"விடும்மா. அவனும் இருந்துட்டுப் போகட்டும். பழையபடியே போட்டுடு."

"வேணாம் சார்." ஆஷா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்களையும் விட்டுட்டு ஓடினப்ப, எங்க அம்மா அவங்க கல்யாண போட்டோவுலயிருந்து இவரைக் கத்தரிச்சு எடுத்தாங்க. அம்மா தோள்ல கிடந்த கையை மட்டும் கத்தரிக்க முடியலை. இதே கை, இதே மோதிரம். அம்மா சாகறவரைக்கும் அது சுவத்துல அப்படியே தொங்குச்சு."

மவுஸ் ஒருமுறை சொடுக்கியது. எட்மண்டின் தோள் காலியானது.