எண்பதில் ஒரு நடுக்கம்

"கியர்பாக்ஸ் போச்சு! உன் சோடாபுட்டி நல்லா நம்ம தலையில மிளகா அரைச்சுட்டான்ணே!"

காரை வாசலில் நிறுத்தின வேகத்தில் தம்பி கத்தினான். பக்கத்து சீட்டிலிருந்த அண்ணன், மடங்காத இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தான்.

"வாயில வந்ததப் பேசாதடா. சும்மா குடுத்த வண்டி."

"சும்மா குடுத்தா? எண்பதுல ஸ்டியரிங் குத்தாட்டம் போடுது. நாளைக்கு இதுல போனா நீ ஆபீஸ் போகமாட்ட, நேரா மேல போயிடுவ."

நாளைதான் பிரச்சினையே. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த அச்சகத்தில் எட்டு மாதமாக அண்ணனின் நாற்காலியைக் காலியாக வைத்திருந்த முதலாளி, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். இந்தக் காலோடு பஸ் ஏற முடியாது, கிளட்ச் மிதிக்க முடியாது. கியர் தானாக மாறுகிற வண்டி என்றால் வலது கால் மட்டும் போதும்.

அதைக் கேட்ட மறுநாளே அண்ணனின் உயிர் நண்பன் கொண்டுவந்து விட்டுப்போனதுதான் இந்த வெள்ளைக் கார். தடித்த கண்ணாடி போட்டவன் என்பதால் சின்ன வயசிலிருந்தே சோடாபுட்டி. மாமனார் ஊரில் ரெண்டு வருஷமாக ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த வண்டியாம். பழசுதான், ஆனால் பெயிண்ட் மட்டும் பளபள.

"அவன வையாதடா!" வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அன்னிக்கு எனக்குத் தகவல் வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்ன புள்ள. ரத்தம் குடுத்தது யாரு, நீயா? ஊசியப் பார்த்தாலே மயங்கி விழுற ஆளு நீ."

தம்பி டயரை ஒரு உதை விட்டான். இரண்டுமே உண்மை.

அன்று விடியும்போதே மழை. பைக்கில் போன அண்ணனை ஒரு கார் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. போன் சுக்குநூறு, யாரோ வழியில் போனவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்குத் தகவல் வரவே மதியம் ஆகிவிட்டது. அண்ணன் கண்ணில் பட்டது பச்சை நிறம் மட்டும்தான். "பச்சை வண்டி ஆயிரம் ஓடுது தம்பி," என்று போலீஸ்காரர் நோட்டை மூடிவிட்டார்.

அதற்கப்புறம் எட்டு மாதம், ஒரு நாள் விடாமல் சோடாபுட்டி வந்தான். அண்ணனைத் தோளில் சாய்த்து நடக்க வைத்ததே அவன்தான்.

"சரி, கியர்பாக்ஸ்னு எத வச்சு சொல்ற?" என்றான் அண்ணன். "எண்பதுல நியூட்ரல் போட்டுப் பார்த்தியா?"

"இல்ல."

"வீடியோ பார்த்து மெக்கானிக் ஆனா இப்படித்தான். ஏறு வண்டில."

திரும்பவும் ஹைவேக்குப் போனார்கள். கியர் பிடிப்பே இல்லாத நியூட்ரலிலும் நடுக்கம் நிற்கவில்லை. அப்படியென்றால் கியர்பாக்ஸ் நிரபராதி. வீட்டுக்கு வந்து முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டினார்கள். ஸ்டியரிங் அதே ஆட்டம்.

"அப்ப சக்கரமும் இல்லண்ணே. சக்கரத்த மாட்டுற எடம்."

ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே, சக்கரம் மாட்டுகிற ஹப்பைக் கையால் சுற்றிவிட்டு, அதன் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை அசையாமல் பிடித்தான். சுற்றுக்கு ஒரு தடவை நுனியில் உரசியது, விலகியது. ஹப் வளைந்திருந்தது.

"இது சும்மா வளையாது. எதையோ செமையா இடிச்சிருக்கு. ஒரு கீறல் கூட படாத வண்டின்னானே உன் ஆளு?"

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போனை ஸ்பீக்கரில் போட்டான். "மாப்ள, இந்த வண்டி எங்கயாச்சும் இடிச்சுதாடா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ அணைத்தார்கள்.

"மாமனார் எங்கயாவது தட்டியிருப்பாருடா. எதையும் பிரிச்சுப் போடாதீங்க. நானே வந்து எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணித் தரேன்."

"நீ ஏன்டா அலையற? தம்பி பார்த்துக்குவான்." போனை வைத்துவிட்டு அண்ணன் முறைத்தான். "கேட்டுக்கிட்டியா? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எனக்காக ஓடி வரேங்கிறான். அவனப் போய் ஃபிராடுங்கிற. ஒரு ஹப்பு மாத்தினா முடிஞ்சு போற வேலை."

தம்பிக்கு மனசு ஆறவில்லை. இடித்த வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று இன்றைக்கு நிரூபித்தே ஆக வேண்டும். சக்கரத்துக்கு மேலே உள்பக்கமாக மூடியிருந்த பிளாஸ்டிக் தட்டை ஒவ்வொரு திருகாகக் கழற்றி இழுத்தான். பெயிண்ட் அடித்தவன் கை போயிருக்காத இடம். அப்பியிருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்தான்.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல! உள்ள தகரம் நசுங்கியிருக்கு. வண்டியே முதல்ல வெள்ள இல்லண்ணே, இங்க எல்லாம் பச்சையா இருக்கு..."

சொல்லிக்கொண்டே திரும்பிய தம்பி பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அண்ணன் ஸ்டூலிலிருந்து இறங்கி, விறைத்த காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து, தம்பி கழற்றிப் போட்ட திருகுகளோடு வைத்தான்.

ஜன்னல் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"அம்மா... அன்னிக்கு அவனுக்குத் தகவல் சொன்னது யாரு?"