யாரைக் கேட்டு வைத்தான்?

"பொலிசுக்குக் கோல் எடுத்தது நான் இல்ல சேர். இந்தச் சனியன்தான்!" மத்தியாஸ் போனை மேசையில் அடித்து வைத்தார். அது உடையவில்லை. உடைந்திருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

அம்பிட்டிய மேட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப் நின்றால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு ஜன்னல் முழுக்கத் தலை. பூசை கண்டு வந்து, சோறு தின்று கை கழுவுவதற்குள் இப்படி ஒரு மானக்கேடு.

சார்ஜண்ட் பஹ்மி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் எரிச்சல்தான்.

"உங்கட நம்பர்ல இருந்துதான் கோல் வந்தீக்கு. எடுத்தா ஆள் பேசல்ல. விலாசம் தேடிப் பிடிச்சு இந்த மேடு ஏறி வந்தா, நீங்க எங்களுக்கே சத்தம் போடுறீங்க. போன் எங்க இருந்திச்சு?"

"குசினியில, அடுப்புக்குப் பக்கத்துல சார்ஜ்ல. நான் தொடவே இல்ல."

"அப்ப தானாவா எடுத்திச்சு?"

"ஏன் எடுக்காது? தானா அப்டேட் ஆவுது. தானா வெளிச்சம் போடுது. எனக்கு முட்டுவலின்னு வாயால சொன்னா, அடுத்த நிமிஷம் தானா முட்டுவலித் தைலம் காட்டுது. பொலிசுக்கு மட்டும் எடுக்காதா?"

சார்ஜண்ட் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பக்கத்துல ஈக்கிற இந்த பட்டனை அஞ்சாறு தரம் விடாம அமத்தினா பொலிசுக்குப் போகும். லொக் திறக்கவும் தேவல்ல. ஆபத்துக்குன்னு கம்பனிக்காரன் வச்சது. என்னவும் பட்டு அமுங்கியிருக்கும். எலி கிலி ஓடினா கூட..."

"அதத்தான் நானும் கேக்கிறேன். யாரைக் கேட்டு வச்சான்?" மத்தியாஸ் எழுந்தே விட்டார். "பெட்டரியக் கழட்ட ஏலாம ஒட்டினான். இயர்போன் ஓட்டைய அடைச்சான். பொறுத்துக்கிட்டேன். இப்ப வீட்டுக்குள்ள பொலிசையும் கூட்டிட்டு வாறான். காசு குடுத்தவன் நான். என் சாமான் எப்படி இருக்கணும்னு நான்தானே சொல்லணும்?"

"நீங்க பஸ் ஸ்டாண்ட்ல டைம்கீப்பரா இருந்தவர்தானே? பஸ் எத்தன மணிக்குப் போகணும்னு ஏறுற சனத்தக் கேட்டா வச்சீங்க?"

"அது வேற!"

"என்ன வேற? ஆளுக்கு ஒண்ணு சொன்னா பஸ்ஸும் போகாது, போனும் செய்ய ஏலாது."

"சேர், இந்த வீட்டுச் செவத்துல ஒரு ஆணி அடிக்கிறதுன்னாலும் நான் சொல்லித்தான் அடிக்கணும். எங்கயோ கெடக்கிற ஒருத்தன் என் வீட்டுக்குள்ள வந்து முடிவெடுக்க, அவன் யாரு?"

அந்த நேரம் மத்தியாஸின் மனைவி பியட்றிஸ் பிளேன்டீ கொண்டு வந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் கோப்பையை நீட்டினாள். சார்ஜண்ட் முகம் சுளித்தார். வீடு தேடி வந்த ஆளுக்கு இடது கையாலா கொடுப்பது?

"பாருங்க சேர், நீட்டுற லட்சணத்த! இத்தன வருஷம் சொல்லியும் மரியாத தெரியாத ஜென்மம்."

பியட்றிஸ் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"நீங்க இந்த போனத் தொட்டீங்களா?" சார்ஜண்ட் அவளைக் கேட்டார்.

பதில் மத்தியாஸிடமிருந்து வந்தது. "இவளா? இவ கையில நான் போனே குடுக்கிறதில்ல. மக ஷாமலா போன மாசம் வந்து, குசினியில நின்னு என்னமோ காட்டிக் குடுத்தா. இந்த மண்டையில அதெல்லாம் ஏறுமா? கோல் வந்தா பச்சைய அமத்துறதா, சிவப்ப அமத்துறதான்னே தெரியாது."

சார்ஜண்ட் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். "சரி. இந்த முற விடுறன். இன்னொரு தரம் சும்மா கோல் வந்தா வழக்குப் போட்டு கோட்ஸுக்குத்தான் போக வேணும்."

"வராது. அந்த எழவ நிப்பாட்டி வச்சிட்டுப் போங்க. எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு எனக்குத் தெரியல." மத்தியாஸ் போனைத் திறந்து கொடுத்தார்.

பஹ்மி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். ஒன்றைத் தட்டினால் ஒன்பது திறந்தது. போனைச் செய்தவனை அவரும் வாய்க்குள் ஏசினார். கடைசியில் அகப்பட்டது.

"இந்தா ஈக்கு. இத நிப்பாட்டினா, பிறகு எத்தன தரம் அமத்தினாலும் எங்களுக்கு வராது. நிப்பாட்டவா?"

"நிப்பாட்டுங்க! இப்படி ஒண்ண வைக்கச் சொல்லி உலகத்துல யாராவது கேட்டாங்களா?"

சார்ஜண்டின் விரல் இறங்கியது. அதற்குள் ஒரு கை குறுக்கே வந்து போனை மூடியது.

பியட்றிஸின் வலது கை. மணிக்கட்டு வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. வீக்கத்தின் மேல் நாலு விரல் அழுந்திய தடம்.

"உள்ள போடி!" என்றார் மத்தியாஸ்.

அவள் போகவில்லை. புருஷனின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"என்னைக் கேட்டிருந்தா, வைக்கத்தான் சொல்லியிருப்பேன் சேர்."