அறுத்த கயிறுகள்

"இது என்ட கயிறு."

தோணிக்குள் கிடந்த நீல நைலோன் துண்டைத் தூக்கிக் காட்டினாள் சீதேவிப்பிள்ளை. அதன் ஒரு பக்கத்தில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. சாட்சி தேவையில்லை. அவள் கட்டின மாடு அவிழ்ந்து போனதாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

தோணிக்காரன் சாமித்தம்பி துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஓம்கா. உங்கட கயிறுதான்."

வாவிக்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாரும் ஒரே ஊர். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோணி ஏறி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்கள். மாடுகளை அவிழ்க்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கட்டினபடியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அடுத்த நாள் விடியவே சாமித்தம்பி மட்டும் திரும்பிப் போனான். பின்னேரம் வெறுந்தோணியோடு வந்தான். நேரே போய்ப் பாயில் சுருண்டு படுத்தான். மறுநாளும் போனான். வரும்போது தோணி நிறைய அறுத்த கயிறுகள்.

"மாடு எங்க?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"அவிட்டு விட்டுட்டன்."

"அவிட்டனியோ, அறுத்தனியோ?"

"உங்கட முடிச்சை ஆரால அவிழ்க்க ஏலும்? அறுத்துத்தான் விட்டன்."

யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஷெல் விழுற இடத்துக்க உசிரைக் கையில பிடிச்சுக்கொண்டு போய், மற்றவங்கட மாட்டை அவிழ்க்கிற ஆளோ நீ? ஆருக்கு வித்தனீ? அதைச் சொல்லு."

சாமித்தம்பி கோபப்படவில்லை.

"உங்கட செவலைப் பசு சத்தத்துக்கு மிரண்டு ஓடி, கயிறு கழுத்தைச் சுத்தி விழுந்து கிடந்திச்சு. கிட்டப் போனாக் காலால அடிக்குது. சால்வையால அதுட கண்ணை மூடினன். இறுகின கழுத்தில கத்தி வைக்க ஏலாது. கட்டையைச் சுத்தின இடத்தில அறுத்தன். கயிறு இளகினதும் எழும்பிட்டுது. நீளக் கயிறோட விட்டாப் முள்ளுப் பத்தைக்குள்ள சிக்கும் எண்டு, மிச்சத்தையும் அறுத்து எடுத்தன். இப்ப வயல் வட்டையில நிண்டு மேயுது."

"நல்லாக் கதை சொல்றான்" என்றாள் அவள்.

பக்கத்து வீட்டுக் கனகசிங்கம் தலையை ஆட்டினார். "நேற்று வெறுங்கையோட வந்தானே. நேற்று விலை பேசியிருப்பான். இண்டைக்கு ஓட்டி விட்டிருப்பான்."

அது எல்லாருக்கும் பொருத்தமாகப் பட்டது. சீதேவிப்பிள்ளை அவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினாள்.

"இனி எப்பிடி அந்தக் கரைக்குப் போறாய் எண்டு பார்ப்பம்."

"கோயிலடி வீட்டு மாடுகள் இன்னும் கட்டினபடி கிடக்குதுகா. அதுகள் தண்ணியில்லாம நிக்குதுகள். நாளைக்கு மட்டும் தாங்க."

"தரமாட்டன்."

வகுப்பறைக்குக் கொண்டுபோய்த் தன் பாய்க்கு அடியில் துடுப்பை வைத்தாள். அன்று சோற்று வரிசையில் சாமித்தம்பிக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

விடிந்து பார்த்தால் தோணியைக் காணவில்லை. தென்னைமட்டையால் வலித்துக்கொண்டு போயிருந்தான்.

"பார்த்தீங்களா?" என்றாள் சீதேவிப்பிள்ளை. "களவில ருசி கண்டவனுக்குச் சும்மா இருக்க ஏலாது."

ஒரு மாதம் கழித்து ஊருக்குத் திரும்ப விட்டார்கள்.

கரையிறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வட்டைக்குத்தான் போனாள்.

வாய்க்கால் ஓரமாக ஊர் மாடுகள் மேய்ந்துகொண்டு நின்றன. செவலைப் பசு அவளைக் கண்டதும் தலையைத் தூக்கிக் கத்தியது. கழுத்தில் நீலக் கயிற்றின் மிச்சம் ஒரு சாண் தொங்கியது. கயிறு இறுகின இடத்தில் மயிர் போய், புண் ஆறிக் காய்ந்திருந்தது. அதன் கண்டுக்குட்டி மடியை முட்டிக்கொண்டு நின்றது. கோயிலடி மாடுகளும் நின்றன. கனகசிங்கத்தின் நாம்பன் மாடும் நின்றது.

சீதேவிப்பிள்ளை கொஞ்ச நேரம் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு செம்பு எடுத்து வந்து, கண்டுக்கு விட்டதுபோக மிச்சப் பாலைக் கறந்தாள்.

ஒரு கையில் செம்பு, மறு கையில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த துடுப்பு. சாமித்தம்பியின் வளவுக்குள் நுழைந்தாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. துடுப்பை வேலியில் சாத்திவிட்டு, செம்பை அவன் மனைவி பாலசுந்தரியிடம் நீட்டினாள்.

"பிள்ளையளுக்குக் காய்ச்சிக் குடு."

"நல்லதுகா" என்று பாலசுந்தரி இரண்டு கையாலும் வாங்கினாள். "பிள்ளையள் பால் குடிச்சுக் கனநாள்."

"ஏன், உங்கட பசு கறக்கல்லையா? இன்னும் வட்டையால வரல்லையோ?"

பாலசுந்தரி மாட்டுக் கொட்டில் பக்கம் பார்த்தாள்.

கொட்டிலில் கட்டையைச் சுற்றிச் சுற்றி இறுகின கயிறு அப்படியே கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு மண்மேடு. மேலே புல் முளைத்திருந்தது.

வேலிக்குக் கதியால் நட்டுக்கொண்டிருந்த சாமித்தம்பி நிமிர்ந்தான்.

"முதல் நாள் அதை அவிழ்க்கத்தான்கா போனன். நான் போகக்குள்ள கழுத்து இறுகிச் செத்துக் கிடந்திச்சு. பிறகு போனதெல்லாம் உங்கட மாடுகளுக்குத்தான்."