நல்லா அணைங்க

"மோடத்தை அணைச்சீங்களாய்யா?" போனில் இன்டர்நெட் கம்பெனிப் பெண் கேட்டாள்.

"அணைச்சாச்சு."

"பச்சை விளக்கு போச்சா?"

"எங்க போச்சு? கண்ணைச் சிமிட்டிக்கிட்டு கெடக்கு."

"அப்ப நீங்க சரியா அணைக்கலை."

பெரியவருக்குச் சுருக்கென்றது. இந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்லும் எதையும் அவர் நம்புவதில்லை. இன்று வேறு வழியில்லை. காலையிலிருந்து இன்டர்நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் மருமகனுக்குக் கம்ப்யூட்டரில் இன்டர்வியூ. வேலை கிடைத்தால் வெளியூர். கம்பெனியே வீடும் கொடுத்துவிடும்.

நாலு நாள் தங்க வந்த மருமகன் நாலு வருஷமாக நகரவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாக, பெரியவரின் சாய்வு நாற்காலியும் போச்சு, டிவி ரிமோட்டும் போச்சு. மாப்பிள்ளை கிளம்பினால்தான் அவருக்கு வீடு திரும்பக் கிடைக்கும்.

"இன்னொரு தடவை அணைங்கய்யா. அணைச்சு, கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருங்க."

"சுடுதும்மா."

"அந்தச் சூடு ஆறத்தான் அணைக்கச் சொல்றோம்."

"இதெல்லாம் ஒரு வைத்தியமா? இத்தனை வயசுல நான் கேள்விப்பட்டதே இல்ல."

"எல்லா வீட்லயும் மொதல்ல இதைத்தாங்கய்யா செய்வாங்க. முக்காவாசி இதுலயே சரியாயிடும்."

"எல்லாருமா? பொம்பளைங்க கூடவா?"

"ஏன், எங்க வீட்ல நானே தினம் அணைச்சிட்டுத்தான் படுப்பேன்."

பெரியவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, கைதான் ஒழியவில்லை. காலம் கெட்டுப்போச்சு என்று முனகிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அணைத்தார்.

"இப்பவாவது விளக்கு போச்சா?"

"இல்லம்மா. இதுக்கு மேல என்னால முடியாது."

"முடியாதா? பின்பக்கம் இருக்கிற சுவிட்சைத்தானேய்யா அணைக்கிறீங்க?"

"சுவிட்சா?"

கதவு திறந்தது. டை கட்டிக்கொண்டு வந்த மருமகன், மோடத்தை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வியர்வை வழிய நின்ற மாமனாரையே சற்று நேரம் பார்த்தான். பிறகு மெல்ல டையை அவிழ்த்தான்.

"இங்க வந்து உங்கப்பாவைப் பாரு," என்று மனைவியைக் கூப்பிட்டான். "மாமாவை இந்த நிலைமையில விட்டுட்டு, இனிமே எந்த ஊர் வேலைக்கும் நான் போறதா இல்ல."