எதிர்ப்பக்க நாற்காலி

“எங்கப்பா துப்பாக்கியை எவனும் பறிக்க முடியாது. ஏப்ரல் வந்தா நாங்க ரெண்டு பேரும் மான் வேட்டைக்குப் போவோம். அது எங்க உரிமை” என்றான் கிளேட்டன், உருளைக்கிழங்கு வறுவலை ஈட்டி மாதிரி நீட்டி.

எதிரே பிரிட்டா பொறுமையாக மென்று முடித்தாள். “ஏப்ரல்லயா? மினசோட்டாவுல நவம்பர்லதானே மான் சுட விடுவாங்க?”

“எங்கப்பா கொஞ்சம் அவசரக்காரர்.”

கல்லூரி உணவகத்தின் கோடி மேசை அது. வியாழன்தோறும் அரசியலில் எதிரும் புதிருமான இரண்டு மாணவர்களை உட்காரவைத்து, அடித்துக்கொள்ளாமல் பேசப் பழக்கும் திட்டம். பதில் சொல்லும் முன், எதிராளி சொன்னதை அவர் ‘ஆமா, அதான்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை திருப்பிச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே கட்சி என்று தெரிந்தால் ஜோடியைக் கலைத்துவிடுவார்கள்.

கிளேட்டன் வாழ்நாளில் பிடித்த ஒரே துப்பாக்கி தண்ணீர் பீய்ச்சுவது. அப்பா பல் மருத்துவர். சிலந்தியைக்கூடக் கோப்பையில் பிடித்து வெளியே விடுகிறவர். துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் பையனின் கட்சியும். ஆனால் இந்தக் கல்லூரியில் அந்தப் பக்கத்துக்கு அனுமார் வால் மாதிரி வரிசை. பிரிட்டா பேர் கொடுத்திருந்ததும் அந்த வரிசையில்தான். எதிர்ப்பக்கத்துக்கோ ஆளே இல்லை.

அறைத்தோழன் காதலியோடு குடிபோன பிறகு கிளேட்டனோடு பேசிக்கொண்டிருந்தது மைக்ரோவேவ் அடுப்பு மட்டும்தான். அதுவும் சாப்பாடு சூடானதும் பேச்சை நிறுத்திவிடும். அதனால் கட்சி மாறினான். வாரத்துக்கு ஒரு வேளை, எதிரே ஒரு முகம் கிடைத்தது.

“சரி, நீ சொன்னதைச் சொல்றேன்” என்றாள் பிரிட்டா. “விடியக்காலைல, குளிர்ல விரல் மரத்துப்போய், அப்பா பக்கத்துல ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருப்போமே... அந்த நேரத்தைத்தான் உன்கிட்டேருந்து பிடுங்கப் பார்க்கறாங்கன்னு இருக்கு உனக்கு. அப்படித்தானே?”

அவன் சொன்னதைவிட அது எவ்வளவோ நன்றாயிருந்தது. ஆனாலும், “முழுசா வரல. இன்னொரு தடவை சொல்லு” என்றான். தன் பேச்சை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அவள் மறுபடி சொன்னாள். அலுத்துக்கொள்ளவே இல்லை.

“உனக்கு இங்க ஃப்ரெண்ட்ஸ் இல்லையா?” என்று கேட்டான்.

“முதல் வருஷம் இருந்தாங்க. ஒருநாள் மனசுல பட்டதைச் சொல்லித் தொலைச்சேன். மறுநாளே என் மேசை காலி. அதுலேருந்து வாயைச் சாப்பிட மட்டும்தான் தொறக்கறேன்.”

கிளேட்டன் கையிலிருந்த வறுவலைத் தட்டில் வைத்தான். இவளிடம் போய்ப் பொய்யா?

“பிரிட்டா, நான் மானைப் பார்த்ததெல்லாம் கார் கண்ணாடி வழியாத்தான். நானும் உன் கட்சி. தனியாச் சாப்பிட முடியல, அதான் மாத்திச் சொல்லிட்டேன்.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். “விதிப்படி நாம கலைஞ்சாச்சு. அடுத்த வியாழன் உனக்கு நிஜமான ஆளா அனுப்புவாங்க.”

பிரிட்டா ஒரு வறுவலைக் கெட்சப்பில் தோய்த்து வாயில் போட்டாள். பிறகு அவன் நாற்காலியைக் காலால் தள்ளி அவன் வழியில் போட்டாள்.

“உட்காருடா. ஊர்ல என் பேர்ல மட்டும் மூணு துப்பாக்கி இருக்கு.”