புளியங்கொழுந்து

கிளாரா அக்காவின் மகன் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் பிலிப்பைன்ஸ்காரி லிகாயாவைக் கட்டி, இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு மறுபடியும் கப்பலேறிவிட்டான். ஏழு மாதமாக மாமியார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டிப் பார்ப்பது என் பழக்கமில்லை; எங்கள் சன்னல் அந்தப் பக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம் காய்ச்சலில் படுத்த அக்கா, நான் கொடுத்த கஞ்சியைக்கூடத் தொடவில்லை. லிகாயா வாசல் மரத்தில் எம்பி எம்பிப் புளியங்கொழுந்து பறித்து, கோழிச் சாற்றில் போட்டுக் கொதிக்கவிட்டாள்.

"கோழியில எவளாவது புளி சேப்பாளா? என்னைக் கொல்லப் பாக்கா!" என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். லிகாயா கிண்ணத்தைத் தட்டால் மூடி, கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பூனை குடித்ததாம். குடிக்கலாம், கிண்ணம் கழுவுமா?

இன்று காலை அக்கா தொரட்டியால் கிளையை வளைத்துப் பிடித்திருக்க, லிகாயா கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கோழிக்கா?" என்றேன்.

"தொவையலுக்குட்டி. நீ ஒன் சோலியப் பாரு."

சொல்லிவிட்டு, மருமகளின் கைக்கு எட்டும்படி கிளையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.