இறுகிய மூடி

மே மாதம் ஒரு மாலை ஆறு மணிக்கு, புதிதாக அரைத்த அரைக் கிலோ காபிப்பொடியோடு கோதைநாயகி வீடு திரும்பினாள். பாதியை ஜன்னலோரம் இருந்த, மூடி தளர்ந்த கண்ணாடி ஜாடியில் கொட்டினாள். மீதிக்கு, அலமாரிக்குள் இருந்த எவர்சில்வர் டப்பாவின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள்.

"சனியனே, அடுத்த மாசம் உன்னைப் பழைய பாத்திரத்துக்குப் போட்டுடறேன்."

அவள் போனதும் ஜாடி சிரித்தது. "கேட்டியா? கொஞ்சம் தளர்ந்து கொடேன். என்கிட்ட வெயிலும் காத்தும் தினம் வந்து பேசிட்டுப் போறாங்க."

"போட்டா போடட்டும். உள்ளே பொடி இருக்கிறவரை விடமாட்டேன்" என்றது டப்பா.

மாதக் கடைசியில் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஜாடிப் பொடியில் இறங்கிய டிகாஷனில் நிறம் மட்டும்தான் இருந்தது. கோதைநாயகி அதைக் கொட்டிவிட்டு டப்பாவை நெம்பினாள். கூடத்தில் சம்பந்தியம்மாள் பேச்சை நிறுத்தி மோந்து பார்த்தாள்.

ஜூன் மூன்றாம் தேதி ஜாடியில் கல்லுப்பு கொட்டப்பட்டது.